4கே மொனிற்றர்: தமிழ் எழுத்து தெளிவாத் தெரிய எதைப் பாத்து வாங்கவேணும்?

[திரையில்: 'ண' என்ற ஒரே எழுத்து திரையை நிரப்பி நிற்கிறது. கொஞ்சங் கொஞ்சமாகச் சின்னதாகிறது. கடைசியில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன.]

வணக்கம். இந்த எழுத்தை வடிவாப் பாருங்கோ. பெரிசா இருக்கேக்க மூண்டு சுழியும் தனித்தனியாத் தெரியுது. சின்னனாக ஆக, சுழிகளுக்கு நடுவில இருக்கிற வெள்ளை மறைஞ்சு, இது மூண்டுசுழி ணகரமோ இரண்டுசுழி னகரமோ எண்டு சொல்ல ஏலாமல் போகுது. எழுத்தில பிழை இல்லை. அந்தச் சுழியைக் காட்டிறதுக்கு மொனிற்றரில போதுமான புள்ளி இல்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில நாள் முழுக்க மொனிற்றருக்கு முன்னால இருக்கிற ஆக்களை யோசிச்சுப் பாருங்கோ. அச்சகத்தில பக்கம் அமைக்கிறவை, பத்திரிகையில புரூப் பாக்கிறவை, பல்கலைக்கழகத்தில ஆய்வு எழுதிறவை, கல்யாண அல்பம் செய்யிற ஸ்ரூடியோக்காரர். இவையில முக்கால்வாசிப் பேருக்கு வேலை எழுத்தோடதான், அதுவும் தமிழ் எழுத்தோட. ஆனால் மொனிற்றரைப் பற்றி வாற வீடியோக்கள் எல்லாம் கேம் விளையாடிறவைக்காகவே வருது. அதாலதான் இண்டைக்கு எழுத்து வாசிக்கிற ஆக்களின்ர பக்கத்தில நிண்டு இதைக் கதைக்கப் போறன்.

[திரையில்: மூன்று செவ்வகங்கள், உள்ளே எண்கள்.]

முதல்ல எண்கள். ஃபுல் எச்டி எண்டா குறுக்க 1920, நெடுக்க 1080 பிக்சல். பெருக்கினா ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளி. அதுக்கு மேல 2560க்கு 1440, கடையில கியூ.எச்டி எண்டுவினம், 36 இலட்சத்துக்கு மேல. 4கே எண்டா 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 இலட்சம். ஃபுல் எச்டியின்ர சரியா நாலு மடங்கு.

பெட்டியில பெரிசா அடிச்சிருக்கிறது இந்த எண்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியிறது இது இல்லை. அந்த 83 இலட்சமும் எவ்வளவு இடத்துக்குள்ள அடங்கியிருக்கு எண்டதுதான் எழுத்தைத் தீர்மானிக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி? கடையில இதைத்தான் கேளுங்கோ.

[திரையில்: ஒரே அளவு மேசையில் ஐந்து மொனிற்றர்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்.]

24 அங்குல ஃபுல் எச்டியில அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்தில வாங்கினா 82 ஆக் குறையும். திரை பெரிசு, ஆனால் எழுத்து முந்தினதை விட மோசம். 27 அங்குலம் ஃபுல் எச்டியை எழுத்து வேலைக்கு நான் ஆருக்கும் சொல்லமாட்டன், விலை எவ்வளவு குறைவா இருந்தாலும். 27 அங்குல கியூ.எச்டியில 109. 27 அங்குல 4கேயில 163. 4கேயை விடப் புள்ளி கூடின 27 அங்குல 5கே எண்டு ஒண்டு இருக்கு, அதில 218.

இந்த எண்ணுகளைத் தமிழ் எழுத்துக்குப் பொருத்திப் பாப்பம். புத்தகத்தில வழமையா வாற 10 பொயின்ற் எழுத்தை, அச்சில வாற அதே பருமனில திரையில காட்டுறம் எண்டு வையுங்கோ. 92 புள்ளித் திரையில அந்த எழுத்து வரிக்கு மேலிருந்து கீழ வரை 13 புள்ளிதான் கிடைக்கும். அந்த 13க்குள்ள மேல புள்ளி நிக்கவேணும், விசிறி வளையவேணும், கீழ 'ணூ'வின்ர வால் இறங்கவேணும், நடுவில மூண்டு சுழியும் நிக்கவேணும். ஆங்கில எழுத்து கோடும் வளைவுமா இருக்கிறதால அதில சமாளிச்சுப் போகும். எங்கட எழுத்து சமாளிக்காது. 163 புள்ளித் திரையில அதே எழுத்துக்கு 22, 23 புள்ளி கிடைக்குது. 218 எண்டா 30.

[திரையில்: 'கி', 'கீ' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். முதலில் 92இல், பிறகு 163இல்.]

கி, கீ. ரண்டுக்கும் வித்தியாசம் நுனியில இருக்கிற ஒரு சின்னச் சுழி. 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் ஒரேயொரு புள்ளி. புரூப் பாக்கிற ஒராள் இரவு பத்து மணிக்கு இதைத் தவறவிட்டா அவரின்ர கவனத்தைக் குறை சொல்லுறம். பல நேரம் திரை அந்தச் சுழியைக் காட்டவே இல்லை.

சரி, எவ்வளவு அடர்த்தி போதும்? இதுக்குக் கண்தான் அளவு. நல்ல பார்வை உள்ள ஒருவரின்ர கண், ஒரு பாகையில அறுபதில ஒரு பங்கு கோணம் வரை பிரிச்சறியும் எண்டது கண் மருத்துவத்தில வழமையான கணக்கு. அதை வைச்சுப் பாத்தா, 92 புள்ளித் திரையில தனிப்புள்ளி மறைய 95 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கவேணும். 109க்கு 80 சென்ரிமீற்றர். 163க்கு 54. நாங்கள் கதிரையில இருக்கிறது 50க்கும் 70க்கும் இடையில. அதாலதான் 27 அங்குல 4கேக்கு மாறினவுடன திரை அச்சுத்தாள் மாதிரித் தெரியத் தொடங்குது.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விசயமும் இல்லை. 2001இலயே ஐபிஎம் நிறுவனம் 22 அங்குலத்தில 3840க்கு 2400 பிக்சல், அங்குலத்துக்கு 204 புள்ளியோட ஒரு மொனிற்றர் விட்டது. அதை முழு வேகத்தில ஓட்ட ஒரு கேபிள் போதாமல் கன கேபிள் கொழுவவேண்டி வந்தது. கேபிள் பிரச்சினை இண்டைக்கும் விட்டபாடில்லை, அதுக்குப் பேந்து வாறன்.

[திரையில்: பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றின் வருடல் பிரதி.]

இன்னொரு வேலையையும் பாருங்கோ. 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில எங்கட பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் வருடி, அதாவது ஸ்கான் செய்து, போட்டிருக்கினம். ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில வருடினா உயரம் 3508 புள்ளி வரும். ஃபுல் எச்டியில முழுப்பக்கத்தையும் ஒரே பார்வையில வைச்சா 1080 வரிதான் இருக்கு, மூண்டில ரண்டு பங்கு விபரம் போயிடும். பிறகு பெருப்பிச்சு, இழுத்து இழுத்து வாசிக்கவேணும். 27 அங்குல 4கேயில பக்கம் உண்மையான அளவிலயே நிக்கும், பக்கத்தில இன்னொரு பக்கமும் வைக்கலாம். மங்கின அச்சு, உடைஞ்ச எழுத்து உள்ள பழைய பக்கங்களை வாசிக்கிற மாணவருக்கு இதை விடப் பெரிய உதவி இல்லை எண்டு நான் நம்புறன்.

[திரையில்: வின்டோஸ் டிஸ்பிளே செற்றிங்ஸ்.]

இப்ப 4கே வாங்கின கனபேர் சொல்லுற முறைப்பாடு: "எல்லாம் பொடி எழுத்தாக் கிடக்குது." அவை உடன ரெசலூசனை ஃபுல் எச்டிக்குக் குறைச்சுப் போட்டிடுவினம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. குடுத்த காசு முழுக்க வீண். ரெசலூசனை 3840க்கு 2160இலேயே விட்டிட்டு, அதே இடத்தில 'ஸ்கேல்' எண்டதை 150 வீதம் ஆக்குங்கோ. அப்ப எழுத்தும் பொத்தானும் கியூ.எச்டி மொனிற்றரில தெரியிற பருமனில வரும், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் வரையிறதுக்கு ரண்டு மடங்குக்கு மேல புள்ளி இருக்கும்.

இதில ஒரு சிக்கல் இருக்கு, அது எங்கட அச்சகங்களுக்கே உரிய சிக்கல். பாமினி எழுத்துருவும், பக்கம் அமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும் வைச்சு இப்பவும் கனபேர் வேலை செய்யினம். பேஜ்மேக்கரின்ர 7ஆம் பதிப்பு வந்தது 2001இல. இந்த ஸ்கேல் சங்கதி அதுக்குத் தெரியாது. வின்டோஸ் அதைச் சின்னனா வரையவிட்டு, படமாப் பெருப்பிச்சுக் காட்டும். எல்லாம் மங்கலாத் தெரியும். அப்பிடி வந்தா, அந்த ஐகொனில வலது கிளிக், புரொப்பட்டீஸ், கொம்பட்டிபிலிற்றி, அதில ஹை டிபிஐ செற்றிங்ஸ். அங்க 'அப்பிளிகேசன்' எண்டதையும் 'சிஸ்ரம் என்ஹான்ஸ்ட்' எண்டதையும் மாறிமாறிப் போட்டுப் பாருங்கோ. முதலாவதில கூர்மையா வரும், ஆனால் பொத்தான்கள் சின்னனா இருக்கும். நாள் முழுக்க அந்த மாதிரிப் பழைய மென்பொருளிலதான் வேலை எண்டா, 32 அங்குல 4கே வசதி. அதில 138 புள்ளி. ஸ்கேலைக் கனக்கக் கூட்டாமலே வேலை செய்யலாம்.

[திரையில்: லப்ரொப்பின் பக்கவாட்டுத் துளைகள், கிட்டத்தில்.]

கேபிள். 83 இலட்சம் புள்ளி, ஒவ்வொண்டுக்கும் 24 பிட் நிறம், திரை நொடிக்கு 60 தரம் புதுசா வரையும். பெருக்கினா நொடிக்குக் கிட்டத்தட்ட 1200 கோடி பிட். 2009இல வந்த எச்டிஎம்ஐ 1.4 எண்ட கேபிள் இணைப்பின்ர முழுக் கொள்ளளவே 1020 கோடி. அதால அது 4கேயை 30 தரத்தோட நிப்பாட்டிப் போடும். மவுஸை அசைச்சா அம்பு இழுபட்டுக்கொண்டு வரும். மொனிற்றரில பிழை எண்டு கடைக்குக் கொண்டு ஓடாமல், லப்ரொப்பில எச்டிஎம்ஐ 2.0 இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. பழைய லப்ரொப் கனக்கத்தில இல்லை. டிஸ்பிளேபோட் 1.2 எண்ட மற்ற வகை இணைப்பு இருந்தாலும் போதும், 60 வரும். யூஎஸ்பி-சி துளை இருந்தா வசதிதான், ஒரே கேபிளில படமும் வந்து லப்ரொப்பும் சார்ஜ் ஆகும். ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. கேட்டுத்தான் வாங்கவேணும்.

அடுத்தது பனல், அதாவது படத்தைக் காட்டிற திரைப்பலகை. அதில ஐபிஎஸ், விஏ, ஓலெட் எண்டு வகை இருக்கு. எழுத்துக்கு ஐபிஎஸ். பக்கத்தில இருந்து பாத்தாலும் நிறம் மாறாது. விஏ பனலில கறுப்பு நல்லாக் கறுக்கும், படம் பாக்க நல்லது. ஓலெட் பனலின்ர கறுப்பை ஒண்டும் வெல்ல ஏலாது, ஆனால் அதின்ர சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் வழமையான வரிசையில இல்லாததால சில ஓலெட் மொனிற்றரில எழுத்தின்ர விளிம்பில மெல்லிய நிறக்கோடு தெரியும். அதோட ஒரே கருவிப்பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில நிண்டா அந்தத் தடம் திரையில பதியவும் கூடும். பக்கம் அமைக்கிற வேலைக்கு நான் அதைத் தெரிவு செய்யமாட்டன்.

வெளிச்சமும் இருளும் கூடுதலாக் காட்டும் எண்டு சொல்லி எச்டிஆர் 400 எண்டு ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கருக்காக ஒரு ரூபாயும் கூடக் குடுக்கத் தேவையில்லை.

ஸ்ரூடியோக்காரருக்கு மட்டும் ஒரு விசயம். இப்ப வாற மொனிற்றர்கள் கனக்கத்தில காட்டக்கூடிய நிறங்களின்ர பரப்பு அகலம். நிறம் சரியா அமைக்காமல் விட்டா, கூறைச்சேலையின்ர அரக்கு எரியிற சிவப்பாத் தெரியும். நீங்கள் அதைக் குறைச்சு அனுப்ப, அல்பத்தில சேலை மங்கலா வரும். மணப்பெண் வீட்டுக்காரருக்கு அந்தச் சேலையின்ர நிறம் எவ்வளவு முக்கியம் எண்டு சொல்லத் தேவையில்லை. மொனிற்றரின்ர மெனுவில 'எஸ்ஆர்ஜிபி' எண்ட பொதுவான நிற முறை இருக்கோ எண்டு பாருங்கோ, அல்பம் அச்சடிக்கிற இடம் கேக்கிறதும் அனேகமா அதுதான்.

[திரையில்: யன்னல் பக்கமாக வைத்த மேசை, பிறகு யன்னலுக்கு எதிராக வைத்த மேசை.]

எங்கட வெயிலுக்கு மினுங்கிற கண்ணாடித் திரை சரிவராது, மினுங்காத 'மற்' பூச்சு உள்ளதை எடுங்கோ. யன்னல் உங்களுக்கு முன்னாலயும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலயும் வேண்டாம், பக்கவாட்டில இருக்கட்டும். திரையின்ர மேல்விளிம்பு கண்மட்டத்தில அல்லது கொஞ்சம் கீழ நிக்கவேணும். அதுக்கு உயரம் மாத்திற ஸ்ராண்ட் வேணும். திரையை நெடுக்காத் திருப்பிற வசதியும் இருந்தா, பத்திரிகைப் பக்கம் முழுசா நிக்கும். புரூப் பாக்கிறவைக்கு இது ஆடம்பரம் இல்லை.



கஸ்தூரியார் வீதியிலயோ ஸ்ரான்லி வீதியிலயோ கடைக்குப் போனா, அங்க ஓடுற கடல், பூ, கார் வீடியோவைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. எந்த மொனிற்றரிலயும் அது வடிவாத்தான் இருக்கும். உங்கட வேலைக் கோப்பு ஒண்டைப் பென்ட்ரைவில கொண்டு போங்கோ. சின்ன எழுத்துள்ள தமிழ்ப் பக்கமா இருக்கட்டும். நீங்கள் வழமையா இருக்கிற தூரத்தில இருந்து 'ஞ', 'ணூ', 'கீ' எல்லாம் வாசிச்சுப் பாருங்கோ. பேந்து திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் எண்டு ஒவ்வொரு நிறமாப் போட்டு, செத்த புள்ளி, அதாவது நிறம் மாறாமல் நிக்கிற புள்ளி, ஏதும் இருக்குதோ எண்டு தேடுங்கோ.

வெளிநாட்டில இருந்து ஆரும் அனுப்பினா, கனடாவில வாங்கினது இஞ்ச எரிஞ்சு போகுமோ எண்டு பயப்பிடுவினம். அடப்ரரின்ர அல்லது மொனிற்றர் முதுகின்ர லேபிளை வாசியுங்கோ. 100 முதல் 240 வோல்ற் எண்டு இருந்தா எங்கட 230க்கு நேரடியாக் கொழுவலாம், பிளக் மட்டும் மாத்தினாக் காணும். ஆனால் உத்தரவாதம் இஞ்ச செல்லுபடியாகுமோ எண்டு அனுப்ப முதலே கேளுங்கோ. இஞ்ச வாங்கிறதெண்டா, செத்த புள்ளி வந்தா எத்தனை நாளுக்குள்ள மாத்தித் தருவினம் எண்டதை வாயால கேட்டு விடாமல், பில்லிலயே எழுதுவிச்சுக் கொண்டு வாங்கோ.