இனிஷியல் மாறினால் ஆள் மாறுமா?

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் வாழும் கொழிஞ்சாம்பாறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

போன மாதம் ஒரு சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா, கையில் மஞ்சப்பை. பள்ளிக்கூடச் சான்றிதழில் 'செல்வி மு.', ரேஷன் கார்டில் 'செல்வி க.' முதல் எழுத்து அப்பாவுடையது, அடுத்தது வீட்டுக்காரருடையது. நம்மில் எத்தனை வீட்டில் இது இல்லை? கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு ஆள். "வில்லேஜ் ஆபீஸ்ல ஒன் அண்ட் சேம் வாங்கிட்டு வாங்கக்கா" என்றார் மேசையில் இருந்த தம்பி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் சான்றிதழ் அது. "நான்தானே வந்து நிக்கிறேன், சாமி" என்றார் அக்கா. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. பெயர் என்றால் என்ன என்று முன்கூட்டி யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. மலையாள வீடுகளில் இனிஷியல் வீட்டுப்பேராகவும் இருக்கும். நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கர்களுக்கு இண்டிபேரு, அதாவது குடும்பப்பேர், முன்னால் வரும். நமக்கோ அது உறவைச் சொல்லும் எழுத்து, கல்யாணமானால் மாறலாம். மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

கணினிக்காரர்கள் மாடலிங் என்று சொல்வது இதைச் சரிசெய்யும் வேலையைத்தான். பெயர், குடும்பம், வருமானம், நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள், எது இருந்தால் எது கிடைக்கும் என்பதை மனிதரும் கருவியும் ஒரே மாதிரி படிக்கும்படி எழுதுவது; எழுதியதை எல்லாத் துறைக்கும் பொதுவில் வைப்பது. நிலத்தையே எடுங்கள். நாம் பேசுவது சென்ட்டில், இங்கே வரி ரசீது ஆர் கணக்கில். 1 ஆர் என்பது 2.47 சென்ட். நிலம் யார் பேரில் என்று காட்ட இங்கே தண்டப்பேர் நம்பர். வாளையார் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பட்டா எண்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1986-இலேயே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணினி அறிஞர் ராபர்ட் கோவால்ஸ்கியும் கூட்டாளிகளும் 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை புரோலாக் என்னும் கணினி மொழியில் விதிவிதியாக எழுதிக் காட்டினார்கள். எந்த விதியால் இந்த முடிவு வந்தது என்று கருவியிடமே கேட்கலாம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேகமல்ல, அந்தக் காரணம் சொல்லல்தான். மனு தள்ளுபடி என்றால் ஏன் என்று தெரிய வேண்டாமா?

விதியைத் தப்பாக எழுதினாலோ, தப்பும் தானாகவே ஓடும். ஆஸ்திரேலியாவில் ரோபோடெப்ட் என்று பேர்பெற்ற, கணினியே கணக்குப் போட்ட அரசுத் திட்டம் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத் துண்டுகளாகச் சமமாகப் பங்கிட்டு, "உதவித்தொகை அதிகம் வாங்கிவிட்டீர்கள்" என்று ஏழைகளுக்குக் கடன் நோட்டீஸ் அனுப்பியது. 2023-இல் அங்கே விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கூலி வேலை எல்லா வாரமும் ஒரே மாதிரி கிடைக்காது என்று நம் களத்துமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எழுதும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை எழுதிக் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இங்கேயே கூடுவோம். பெயர் குழப்பத்தால் அலைந்தவர்கள் காகிதங்களோடு வாருங்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம் என்று ஒவ்வொன்றையும் எழுதி, பஞ்சாயத்தில் கொடுப்போம். அந்த அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார்.