ஊர்ப்புறத்தின் வேகம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பரபரப்பான நகர வாழ்க்கையை விட்டுவிட்டு அமைதியான ஊர்ப்புறத்தில் குடியேறுவதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன் எனக்கு எழுந்த ஐயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்புறத்து வாழ்க்கை நிதானமானது என்று நம்புகிறவர்கள், ஐப்பசி மாதத்தில் நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கமோ புதுச்சேரியின் பாகூர்ப் பக்கமோ ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. நாற்று முற்றுவதற்குள் நட்டாக வேண்டும். நடவாள் கிடைக்கிற நாளில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை முறை நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு கோப்பை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம். நாற்றங்காலிடம் அந்தச் சலுகை கிடைக்காது. ஊர்ப்புறத்தில் நேரம் மெதுவாகப் போவதில்லை. அது தனி மனிதரின் கையில் இல்லாமல் மழையின் கையிலும் ஏரியின் கையிலும் அடுத்த வயல்காரரின் கையிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் வருகிறவர்கள்தாம் விரைவில் திரும்பிப் போகிறார்கள் என்பது என் கணிப்பு.

பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்ததும், சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்தவர்கள் நம் பக்கம் நிலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். கடலூருக்கும் சென்னைக்கும் இடையே 200 கி.மீ. கூட இல்லை. கடல் இருக்கிறது, பலாத்தோப்பு இருக்கிறது, நல்ல காப்பிக்குப் புதுச்சேரியும் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் வருவதை நான் குறை சொல்லவில்லை. வருவதற்கு இந்த மண்ணிலேயே மிகப் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார்.

மருதூரில் 1823-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலிருந்தே சென்னையில் வளர்ந்த வள்ளலார், தம் முப்பதுகளின் நடுவில், 1858 வாக்கில், அந்த நகரை விட்டுப் புறப்பட்டார். செல்வம் பெருகிய சென்னையில் இருந்தால் துன்பம் நேரும் என்று அஞ்சிச் சிற்றூர்ப் புறங்களை நாடியதாக அவரே பாடியிருக்கிறார். அதே பாட்டில், ஊர்ப்புறத்துக் காட்டிலும் கல்லிலும் புன்செய்க் களத்திலும் திரிந்து பட்ட இளைப்பை ஏட்டில் எழுத முடியாது என்றும் சொல்கிறார். நகரை விட்டு வந்தவரின் வாக்குமூலத்தில் இந்த இரண்டாம் பகுதியை நாம் எளிதாகத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். அவர் வடலூர் அருகிலுள்ள கருங்குழியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஓர் அன்பர் வீட்டில் தங்கினார். அத்தனை ஆண்டுகள் ஊரோடு இருந்த பிறகுதான், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலம், ஏறத்தாழ 80 காணி, அவர் விலை கொடுத்து வாங்கியது அன்று. வடலூர்ப் பகுதி மக்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அமைதி தேடி வந்த ஒருவர் இங்கே செய்த முதற்பெரும் காரியம், சாதி கேளாமல் எவருக்கும் சோறு போடுகிற ஒரு சமையற்கூடம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாதியைக் குறிப்பிட்டதால், நாம் வழக்கமாகக் கூச்சப்பட்டு ஒதுக்குகிற ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்ப்புறத்தின் அமைதி எல்லாத் தெருவுக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களைக் கடுமையாக மறுத்ததற்கு இதுவே காரணம். நகரத்து அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டார் பெயரே தெரியாமல் வாழ்ந்தவர், ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே, தாம் எந்தத் தெருவில் வீடு எடுக்கிறோம், வீட்டுவேலைக்கு வருகிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் ஊர் கவனிக்கிறது என்று உணர்வார். அங்கே அவர் நடந்துகொள்ளும் முறை, அவருக்குத் தெரியாமலேயே ஒரு பக்கம் சேர்வதாக அமைந்துவிடும். ஊரில் ஒதுங்கி வாழ்வதென்பது நினைக்கிற அளவுக்கு எளிதன்று.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். என் உரையின் பெரும்பகுதி இதுதான். சென்னையிலிருந்து வருகிறவர் நம் மாவட்டத்துக்குப் புதியவர் என்று நினைக்கிறார். உண்மையில் அவர் நம் தண்ணீரைப் பல ஆண்டுகளாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். 2004 முதல் வீராணம் ஏரியின் நீர் 200 கி.மீ.க்கும் மேற்பட்ட குழாய்த் தொடரில் சென்னைக்குப் போகிறது. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் அமைந்த அந்த ஏரி, கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெற்று, ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாய்கிறது. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் நகரத்துக் குழாய்க்கா, கடைமடை வயலுக்கா என்ற கேள்வி எழும். இதுவரை குழாய்ப் பக்கம் நின்றவர், இங்கே குடியேறியபின் வயல் பக்கம் நிற்கப் போகிறார்.

புதுச்சேரிப் பகுதியில் கணக்கு இன்னும் நுட்பமானது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்று நீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறார்கள். அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். பாகூர்ப் பக்கம் சில இடங்களில் ஒரு வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும்; பதிவு அலுவலகமும் சட்டமும் மாறிவிடும்; தண்ணீர் மட்டும் அந்த எல்லையை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இரண்டு ஏக்கர் வாங்குகிறார். நான்கு புறமும் கம்பிவேலி போடுகிறார். ஆழ்துளைக் கிணறு இறக்குகிறார். மா, கொய்யா, கொஞ்சம் புல்வெளி வைக்கிறார். தம் நிலத்தில் தாம் செய்வதில் யாருக்கு என்ன இழப்பு என்று நேர்மையாகவே கேட்கிறார். அவருடைய வேலி, தலைமுறைகளாக மாட்டுவண்டி போன தடத்தின் மீது நிற்கிறது. மனை திருத்தும்போது தூர்ந்த கன்னிவாய்க்கால், அதாவது வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் சிறு கிளை வாய்க்கால், கீழே ஆறு பேருக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. கடலோரத்தில் நன்னீரை அளவுக்கு மேல் இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும். கடலூர், பாகூர்க் கரைப்பகுதிகள் இதை ஏற்கெனவே பட்டு அறிந்தவை. விவரம் தெரிந்தவர் வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துச் சொன்னால், புதியவர் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்கிறார். பாதி வழக்குகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

புதியவர் ஊருக்கு நன்மையே செய்யமாட்டாரா என்றால், செய்ய முடியும். 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரிக்கப்பட்டு வெறும் பொட்டலாகக் கிடந்தது. அங்கே வந்தவர்கள், ஓடுகிற மழைநீரைத் தடுக்கக் கரை போடுவதையும், இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடிப் பிடித்து நடுவதையும் தங்கள் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. சுற்றுவட்டத்து நிலவிலை ஏறியதில் உள்ளூர் மக்களுக்கு வருத்தமும் உண்டு. ஆனால் அந்த மேட்டில் இன்று மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறார்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். குத்தகைதாரர் யாராவது உழுதுகொண்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. கோயில் நிலமா, நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தும் எல்லைக்குள் வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். தரகர் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார்.

மழைக்காலத்தை நான் சுருக்கப் போவதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் பாட்டன் வைத்த பலாவும் முந்திரியும் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்தன. வீட்டை ஓராண்டில் கட்டிவிடலாம். பலா மீண்டும் பலன் தர ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம்கூட ஆகலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே நகராமல் நின்று கொட்டியது; ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அது ஓய்ந்தபின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் பெண்ணையாற்றில் இறங்கிக் கடலூர், பாகூர் ஊர்களுக்குள் புகுந்தது. உள்ளூரில் மழையே நின்ற பிறகு, எங்கோ திருவண்ணாமலை மாவட்டத்தில் திறந்த மதகு நம் வீட்டுக்குள் வரும் என்பதை, ஆற்றங்கரையில் பிறந்தவர் அறிவார். பங்குனியில் நிலம் பார்த்து, சித்திரையில் பத்திரம் முடித்தவர் அறியமாட்டார். ஆற்றின் தாழ்கரையில் மலிவாகக் கிடைக்கும் நிலத்தின் விலைக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே, வர விரும்புகிறவர்களுக்கு நான் கூறுவது, உடனே வாங்காதீர்கள் என்பதுதான். வாடகைக்கு வீடு பிடியுங்கள். புரட்டாசியில் வந்து தை வரை இருங்கள். விளம்பரத்தில் வீடு கிடைக்காது. தெருமுனைத் தேநீர்க் கடையில் கேட்க வேண்டும், அவர்கள் பதிலுக்கு உங்களைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், எரிச்சலில்லாமல் பதில் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாத இரவுகளையும், பிள்ளையின் பள்ளிக்கும் முதியவரின் மருத்துவமனைக்கும் பேருந்து வராத நாட்களையும் குடும்பத்தோடு கடந்து பாருங்கள். தமிழ்நாட்டு ஊராட்சி என்றால் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் ஏறியிருக்காது, ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். புதுச்சேரியின் ஊர்ப்புற உள்ளாட்சியான கொம்யூன் என்றால் அந்த வாய்ப்பும் அரிது. அங்கே 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, ஏரிப்பாசன விவசாயிகள் கூடும் இடத்தை நீங்களே தேடிப் போக வேண்டும். எங்கே ஆனாலும், எந்த வாய்க்காலைப் பற்றி ஊர் அதிக நேரம் சண்டை போடுகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு நிலம் பார்க்கப் புறப்படுங்கள்.