மாட்டுக்கு உறவு திமிங்கலம், கடல் பசுவுக்கு உறவு யானை

[காட்சி: மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம். அப்படியே நந்தி சிலைக்கு இறங்குகிறது.]

வணக்கம். மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலுக்குள் போன காளையின் கதை நம்மிடம் உண்டு. சாபத்தால் நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்க, சிவபெருமான் வலையோடு வந்து பிடித்த கதை. திருவிளையாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நிஜத்திலும் கிட்டத்தட்ட இப்படி நடந்திருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மாடு, மான், நீர்யானை இவற்றுக்கெல்லாம் பங்காளியான ஒரு குளம்புக்கால் விலங்கு மெல்ல மெல்லத் தண்ணீருக்குப் பழகியது. அந்த வழியில் வந்தவைதான் திமிங்கலமும் ஓங்கிலும். ஓங்கில் என்றால் டால்பின்தான். ஆனால் நந்தியைப் போல இவை முழுசாக மீனாகிவிடவில்லை. செவுள் வரவே இல்லை, நுரையீரல்தான். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பழக்கமும் போகவில்லை.

[காட்சி: சுறா வால், திமிங்கல வால், பக்கத்தில் பக்கத்தில்.]

வாலைப் பாருங்கள். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், இடமும் வலமுமாக ஆடும். திமிங்கலத்தின் வால் படுக்கைவாட்டில் இருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். தெருவில் நாய் தலைதெறிக்க ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளையுமே, அந்தத் தரை ஓட்டம்தான் இன்னும் அந்த வாலில் இருக்கிறது.

சாப்பாடு? உலகத்திலேயே பெரிய விலங்கான நீலத் திமிங்கலத்துக்குப் பல்லே கிடையாது. மேல்தாடையில் சீப்பு மாதிரி தொங்கும் தட்டுகளால் தண்ணீரை வடிகட்டி, கூனி இறால் போன்ற பொடிசுகளை விழுங்கும். கரிமேடு மீன் கடையில் கூறு போட்டு வாங்குகிற சமாச்சாரம், அதற்கு டன் கணக்கில் வேண்டும். எண்ணெய்த் திமிங்கலத்துக்குப் பல் உண்டு. ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கிப் போய்க் கணவாய் பிடிக்கும்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். வைகையைக் கடலில் கலக்காத ஆறு என்பார்கள். ராமநாதபுரம் பெரிய கண்மாயே அதைக் குடித்துவிடும். வெள்ளம் வந்தால் மட்டும் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் நீரிணையில் விழும். அந்தக் கடலில்தான் நான் சொல்ல வந்த ஆள் மேய்கிறது.

[காட்சி: ஆழம் குறைந்த கடல். புல்வெளி நடுவே ஒரு ஆவுளியா.]

ஆவுளியா. புத்தகத்தில் கடல் பசு. பெயர் வைத்தவர் மேய்வதை மட்டும் பார்த்திருக்கிறார் போல. இது அசை போடாது. பசுவுக்குச் சொந்தமும் இல்லை, யானைக்குத்தான் சொந்தம். பெண்ணுக்கு மடி பின்னால் இல்லை, யானையைப் போல முன்புறம், துடுப்புக்கு அடியில். வளர்ந்த ஆணுக்குச் சின்னதாகத் தந்தமும் முளைக்கும்.

சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். கடற்புல்லைப் பாசி என்று நினைத்துவிடாதீர்கள். வேர், இலை, பூ எல்லாம் உள்ள செடி அது. வெயில் பட்டால்தான் வளரும். அதனால் ஆழம் குறைந்த, தெளிந்த தண்ணீர் வேண்டும். சேறும் சாக்கடையும் கலந்து கடல் கலங்கினால் முதலில் புல் போகும், பின்னாலேயே ஆவுளியாவும் போகும். மேலுதட்டால் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், அது மேய்ந்த இடத்தில் ஏர் உழுத சால் மாதிரி கோடு தெரியும். எலும்பெல்லாம் கெட்டியாக, கனமாக இருக்கும். மிதந்து மேலே வந்துவிடாமல் அடியில் நின்று மேய அந்தக் கனம் உதவுகிறது.

அவசரமே இல்லாத பிராணி. 70 வயது வரைகூட இருக்கும். ஆனால் ஓர் ஆண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகும். சில ஆவுளியாக்கள் செத்தாலே அந்த இடத்தை நிரப்ப நாளாகும். முன்பு கறிக்காகப் பிடித்தார்கள். இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் சிறைதான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

[காட்சி: படகு, மீன் வலை, விடியற்காலைக் கடல்.]

மறுபடி வலைக்கே வருகிறேன். நந்தி சுறாவாக இருந்ததால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட்டிருக்கும். ஆவுளியாவுக்கு அது முடியாது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால், பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடந்த பிராணி தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும். பாக் நீரிணையில் மீனவர்கள் சொந்த வலையை அறுத்து ஆவுளியாவை விட்டிருக்கிறார்கள். வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன காரியமில்லை என்பது புரியும். வனத்துறை அவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது.

அறுத்து விட்டதும் அது உடனே ஆழத்துக்கு ஓடாது. முதலில் மேலே வரும். மூடியிருந்த மூக்குத் துவாரம் இரண்டும் திறக்கும், 'புஸ்' என்று ஒரு மூச்சு. அப்புறம்தான் முங்கும்.