ஆறரை மணி வகுப்பு

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "மகள் கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கணும்னு நிக்கிறா. அதுவும் கம்யூனிட்டி காலேஜ்ல. நாலு பேர்கிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார். கிரிமினல் ஜஸ்டிஸ் என்னும் குற்றவியல் நீதிப் படிப்பு, கம்யூனிட்டி காலேஜ் என்னும் சமுதாயக் கல்லூரி: அமெரிக்காவுக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த இரண்டுமே கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிட்டது. நான் அந்தப் படிப்பை, அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில்தான் படித்தேன். நாற்பது வயதில், பகல் வேலையை முடித்துவிட்டு, மாலை ஆறரை மணி வகுப்புக்கு ஓடினேன். அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

இலினாய் மாநிலத்து ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901-இல் தொடங்கியது. இன்றும் நடக்கிற அரசு சமுதாயக் கல்லூரிகளில் அதுதான் மூத்தது. பள்ளி முடித்தவர் எவரும் இத்தகைய கல்லூரிகளில் சேரலாம். சுமார் 60 கிரெடிட் (பாட அலகுகள்), முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருடம், கையில் ஓர் அசோசியேட் பட்டம். அதோடு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, பல்கலைக்கழகத்துக்கு மாறி நான்காண்டுப் பட்டத்தை முடிக்கிறவர்களும் உண்டு.

கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பைப் போலீஸ் பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி பிடிப்பதும் கைவிலங்கு மாட்டுவதும் போலீஸ் அகாடமியில் கற்பது. எந்த நேரத்தில் ஒருவர் கையில் விலங்கு மாட்ட உரிமை உண்டு, எந்த நேரத்தில் கிடையாது என்பது எங்கள் பாடம். போலீஸ், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போலீஸ்காரர் படிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பிடிவாதமாகச் சொன்னவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்துக் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர். அவருக்கே பெரிய பள்ளிப் படிப்பு இல்லை. 1908-இல் தன் காவலர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அதிபர் ஜான்சன் அமைத்த ஆணையமும் காவலர்களுக்குக் கல்லூரிப் படிப்பு தேவை என்று 1967-இல் சொன்னது. மறு வருடம் வந்த சட்டத்தின் கீழ், படிக்கிற போலீஸ்காரர்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. சமுதாயக் கல்லூரிகளில் இந்தத் துறை பெருகியது அப்படித்தான். கலிஃபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், காவலராகச் சேரும் வயதை 18-இலிருந்து 21-க்கு உயர்த்தியது. இக்காலக் காவல் பணிக்கென ஒரு பட்டப்படிப்பை உருவாக்கும் பொறுப்பையும் அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளின் தலைமையிடம் கொடுத்தது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்த வகுப்பறையைப் பற்றி.

என் இடது பக்கத்தில் ஒரு சிறைக் காவலர் உட்காருவார். வேலைக்குப் போகும் வழியில் வருவதால் சீருடையிலேயே இருப்பார். எதிர் வரிசையில், மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒருவர். ஒரு நாள் கிடியன் வழக்கைப் படித்தோம். ஃபுளோரிடாவில் 1961-இல் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஏழை கிளாரன்ஸ் கிடியன். வக்கீல் வைக்கக் காசில்லை. கேட்டபோது, மரண தண்டனைக்குரிய வழக்கென்றால்தான் அரசு வக்கீல் தரும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். தனக்காகத் தானே வாதாடினார், ஐந்து வருடத் தண்டனை கிடைத்தது. சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். 1963 மார்ச்சில், ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். மறு விசாரணையில், வக்கீலோடு நின்ற அதே மனிதரை ஜூரி குற்றமற்றவர் என்றது.

ஆசிரியர் முடித்ததும் எதிர் வரிசைக்காரர் கை தூக்கினார். "எனக்கும் அரசாங்கத்துல ஒரு வக்கீல் கொடுத்தாங்க. ஏழு நிமிஷம். கோர்ட்டு வராந்தாவில் நின்னுக்கிட்டே பேசினோம். குற்றத்தை ஒத்துக்கோன்னார், ஒத்துக்கிட்டேன்." யாரும் பேசவில்லை. சீருடைக்காரர் தன் நோட்டில் '7' என்று எழுதி வட்டமிட்டதை நான் பார்த்தேன்.

எத்தனையோ பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பூட்டுகிற கையும் பூட்டப்பட்ட கையும் ஒரே பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் இடம் வேறெங்கே கிடைக்கும்? சிறையில் இருப்பவர்கள் கல்லூரிப் படிப்புக்குப் பெற்றுவந்த, மத்திய அரசின் பெல் உதவித்தொகையை 1994-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2023 ஜூலையில்தான் அது முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இன்னொரு பாடம், அறிக்கை எழுதுவது. 'அவன் சந்தேகப்படும்படி நடந்துகொண்டான்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, "கண்ணால் என்ன பார்த்தீர்கள்?" என்று ஓரத்தில் எழுதினார். திரும்ப எழுதினேன்: 'இரண்டு முறை கதவைப் பார்த்தார். வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.' 'அவன்' கூட 'அவர்' ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? வெளியே அன்று பத்து டிகிரி குளிர் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை பைக்குள் இருந்ததற்கு அது போதாதா?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. நேரே வேலைக்குப் போவதற்கென்றே அமைந்த அசோசியேட் பட்டத்தில் எல்லாக் கிரெடிட்டும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாமல் போகலாம். சேரும் முன்பே ஆலோசகரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஆக வேண்டுமென்றால் நான்காண்டுப் பட்டமும் அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். நீதிமன்ற அலுவலகம், அவசர அழைப்பு மையம், பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகள் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இவ்வளவையும் அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "ராத்திரி வகுப்பு முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவா?"

ஒன்பதே காலுக்கு முடியும், பஸ் கல்லூரி வாசலிலேயே நிற்கும் என்றேன்.