களத்து முக்காலியும் கிளைடரும்

நேயர்களுக்கு வணக்கம். எஞ்சின் இல்லாத விமானமாகிய கிளைடரை ஓட்டப் பழகிய நாட்களில், வடக்கே ஒரு பயிற்சித் தளத்தில், என் நான்காவது தனிப் பறத்தலின்போது எனக்கு நேர்ந்த தரையிறங்கு விபத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எஞ்சின் உள்ள விமானம், இறங்குவது சரிப்படவில்லையென்றால் விசையைக் கூட்டி மேலெழுந்து, ஒரு சுற்று சுற்றி மீண்டும் வரலாம்; கிளைடருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. பின்னிருக்கையில் ஆசிரியர் இல்லாத நாளில் எடை குறைந்திருப்பதால், தரையிலிருந்து கம்பிவடத்தால் இழுத்து மேலேற்றும் பொறியாகிய வின்ச் இழுக்கும்போது அது வழக்கத்தைவிட உயரமாக எழும்பும். அன்று நான் கடைசித் திருப்பத்தை முடித்தபோது தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தேன். ஓடுதளத்தைத் தாண்டிவிடுவேனோ என்ற அச்சத்தில், இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் ஏர்பிரேக்கை முழுவதுமாகத் திறந்தேன். எதிர்க்காற்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காற்றற்ற நாளில் 90 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர், அத்தகைய நாளில் காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டி 105-இல் வரவேண்டும் என்று கற்றிருந்தேன். ஆயினும் 90-இலேயே வந்தேன்.

முதுகில் பட்டையுடன் பணகுடிக்குத் திரும்பி இதைச் சொன்னபோது என் தந்தை கேட்டார்: "களத்துல முக்காலி எதுக்குப் போடுதோம்னு ஒனக்குத் தெரியாதாலே?"

பிசான அறுவடையில் பொலி தூற்றுபவர் முக்காலியில் ஏறிச் சுளகைத் தலைக்கு மேல் உயர்த்துவது, அங்கே கிடைக்கும் காற்று தரையருகே கிடைப்பதில்லை என்பதால்தான். மரமும் வரப்பும் உரசி அடிக்காற்றைத் தளர்த்திவிடுகின்றன; எங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்றாலைகள் அவ்வளவு உயரத்தில் நிற்பதற்கும் அதுவே காரணம். இறக்கையைத் தாங்குவது தரையைக் கடக்கும் வேகமன்று, காற்றை எதிர்கொள்ளும் வேகம். சில நொடிகளில் எதிர்க்காற்று 30-இலிருந்து 15-க்குத் தளரும் அடுக்கினுள் இறங்கினால், இழந்த 15-இல் பெரும்பகுதி வேகமானியிலும் குறைந்துவிடும்.

நான் வேகமானியைப் பார்க்கவில்லை; தரை விரைந்து வருவதை மட்டுமே பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுத்தேன். மூக்கு உயர்ந்தது, இறக்கை தூக்குவிசையை இழந்தது. ஸ்டால் எனப்படும் இந்நிலைதான் 1896 ஆகஸ்டில் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியென்தாலை ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்த்தி உயிரைப் பறித்தது. நான் விழுந்தது ஒரு மாடி உயரத்திலிருந்து. முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியது.

ஏர்பிரேக்கை மூடி, மூக்கைச் சற்றுத் தாழ்த்தியிருக்க வேண்டும். தரை நெருங்குகையில் மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்த எந்த உடம்பும் இசையாது. ஆசிரியர் பின்னே இருக்கையில், பலத்த காற்றிலேயே பலமுறை செய்து கையைப் பழக்க வேண்டும். என் முந்தைய மூன்று தனிப் பறத்தல்களும் காற்றடங்கிய காலை வேளைகளில் நடந்தவை. மாணவரைத் தனியே அனுப்புமுன் இதை எண்ணிப் பார்க்குமாறு பயிற்சி தருவோரை வேண்டுகிறேன்.

ஐந்து மாதம் கழித்து, நண்பகல் காற்றில், ஆசிரியர் பின்னிருக்கையில் அமர 105-இல் இறங்கினேன். தரைக்குச் சற்று மேலே வேகம் தளர்வதைக் கை உணர்ந்தது, மூக்கைத் தாழ்த்தினேன். அவர் கோலைத் தொடவே இல்லை.