நாற்பது வாக்கில் ஒரு செனட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

மொத்தம் 81 பேர் வாக்களிக்கிறார்கள். அதில் 40 வாக்கு வாங்கியவர் ஜெயித்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். பாதிக்கு மேல் என்றால் 41 வேண்டும். ஒன்று குறைகிறது. 1865 மார்ச் 15ஆம் தேதி அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நடந்த தேர்தல் இது. குறைந்துபோன அந்த ஒரு வாக்கை வைத்து வாஷிங்டனில் ஓராண்டுக்குப் பிறகு நடந்த சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இன்று அமெரிக்க செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று அப்படி இல்லை. நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதுபோல, அங்கேயும் மாநிலச் சட்டமன்றம்தான் செனட்டரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. தேர்தலை எப்போது, எப்படி நடத்துவது என்பதை அந்தந்தச் சட்டமன்றமே முடிவு செய்யலாம், வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மாற்றலாம் என்கிறது அரசியல் சட்டம். 1789இல் செனட் தொடங்கியதிலிருந்து எழுபது எண்பது ஆண்டுகளாக அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. சில மாநிலங்களில் இரண்டு அவைகளும் தனித்தனியாக வாக்களிக்கும். நியூஜெர்சியில் இரண்டும் ஒரே இடத்தில் கூடி வாக்களிக்கும்.

அங்கே மேலவையில் 21 பேர், கீழவையில் 60 பேர். குடியரசுக் கட்சிக்காரரான ஜான் டென் ஐக்கின் செனட் பதவிக்காலம் முடிகிறது. அவரை மீண்டும் அனுப்புவதா, ஜனநாயகக் கட்சி சார்பில் வேறொருவரை அனுப்புவதா? பிப்ரவரியில் கூடியபோது, பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி என்று விதி வகுத்தார்கள். யாருக்கும் அவ்வளவு வாக்கு சேரவில்லை. மார்ச் 15 அன்று மறுபடி கூடினார்கள். இந்த முறை வேறொரு தீர்மானம் வந்தது: மற்றவர்களைவிட யாருக்கு அதிக வாக்கோ அவரே வெற்றி பெற்றவர், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. தீர்மானம் 41க்கு 40 என்ற கணக்கில் நிறைவேறியது. உடனே வாக்கெடுப்பு. ஜான் பாட்டர் ஸ்டாக்டனுக்கு 40, டென் ஐக்கிற்கு 37, மிச்சம் நாலும் சிதறிப்போயின.

ஒன்றைக் கவனியுங்கள். விதிக்குக் கிடைத்தது 41. ஆளுக்குக் கிடைத்தது 40. விதியை ஆதரித்தவர்களில் குறைந்தது ஒருவர் ஸ்டாக்டனுக்கு வாக்களிக்கவில்லை. அந்த ஒருவருக்கு மனசில் என்ன இருந்ததோ! ‘எனக்கு இந்த ஆள் வேண்டாம், ஆனால் இந்த இழுபறி முடிந்தால் போதும்’ என்று நினைத்திருக்கலாம்.

ஸ்டாக்டன் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. கொள்ளுத்தாத்தா அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். தாத்தா செனட்டர். அப்பா கடற்படைத் தளபதி, அவரும் செனட்டர். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இவரும் போப்பின் அரசவையில் அமெரிக்கத் தூதராக இருந்துவிட்டு வந்தவர். ஜனநாயகக் கட்சிக்காரர். இவரைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் போக்கு எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒரு செய்தி போதும்: மறுநாளே, மார்ச் 16 அன்று, அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தத்தை அது நிராகரித்தது.

டிசம்பரில் செனட் கூடியதும் ஸ்டாக்டன் உறுதிமொழி எடுத்து உட்கார்ந்துவிட்டார். கூடவே நியூஜெர்சி உறுப்பினர்கள் சிலரின் ஆட்சேப மனுவும் வந்தது. விஷயம் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் இல்லினாய் மாநிலத்து லைமன் டிரம்புல். குடியரசுக் கட்சிக்காரர். ஜனவரி கடைசியில் அவர் கொடுத்த அறிக்கை, ஸ்டாக்டனின் தேர்தல் செல்லும் என்றது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை சட்டமன்றத்துக்கு உண்டு. அந்த விதியைப் பெரும்பான்மைதான் நிறைவேற்றியது. எதிர்த்தவர்களும் எழுந்து வெளியே போகாமல் அதே விதியின்கீழ் வாக்களித்தார்கள். அப்புறம் என்ன குறை? குழுவில் நியூஹாம்ப்ஷயர் செனட்டர் கிளார்க் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு அவைகளும் சேர்ந்து கூடியிருக்கும் கூட்டம் சட்டமன்றம் ஆகிவிடாது, சட்டம் இல்லாதபோது பாதிக்கு மேல் என்பதே பொது நெறி என்பது அவர் வாதம்.

என்னைக் கேட்டால் டிரம்புல் சொன்னதுதான் சரி. அந்த 40 வாக்கு டென் ஐக்கிற்கு விழுந்திருந்தால், மனு கொடுத்தவர்கள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

சாதாரணக் காலமாக இருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அது 1866. உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. லிங்கனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் இடத்தில் ஆண்ட்ரூ ஜான்சன். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது. ஜான்சன் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறார். அவரை மீறிச் சட்டமாக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிப்ரவரியில் முயன்றார்கள். செனட்டில் கிடைத்தது 30க்கு 18. இரண்டு வாக்கில் போச்சு.

அடுத்து சிவில் உரிமை மசோதா ஜான்சனின் மேசைக்குப் போயிருந்தது. நாட்டில் பிறந்தவர்கள், கறுப்பினத்தவர் உட்பட, குடிமக்களே. ஒப்பந்தம் செய்ய, வழக்குப் போட, சொத்து வைத்துக்கொள்ள வெள்ளையருக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு என்ற மசோதா. இதையும் அவர் திருப்பி அனுப்புவார் என்ற பேச்சு பலமாக இருந்தது. தென் மாநிலங்கள் இன்னும் திரும்பி வராததால் செனட்டில் 25 மாநிலங்கள், 50 இடங்கள். ஒவ்வொரு தலையும் கணக்கு. ஸ்டாக்டனின் தலை எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மார்ச் 23, வெள்ளிக்கிழமை. குழுவின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் உடம்பு சரியில்லாமல் வர முடியாமல் போனால், எதிர்த்தரப்பில் ஒருவர் அவரோடு ஜோடி சேர்வார்: ‘நீங்கள் வரும்வரை நானும் வாக்களிக்க மாட்டேன்.’ எழுதாத ஒப்பந்தம், வெறும் வாய்ச்சொல். நியூஜெர்சியின் இன்னொரு செனட்டர் வில்லியம் ரைட் நோயில் படுத்திருந்தார். அவரோடு ஜோடி சேர்ந்திருந்தவர் மெய்ன் மாநிலத்து லாட் மாரில்.

பெயர்களை வாசித்து முடித்தபோது ஸ்டாக்டனுக்குச் சாதகமாக 21, எதிராக 20. முடிவை அறிவிப்பதற்குள், சகாக்கள் ‘வாக்களி, வாக்களி’ என்று நெருக்க, மாரில் எழுந்து எதிர்த்து வாக்களித்துவிட்டார். 21க்கு 21. சமநிலை என்றால் தீர்மானம் தோற்றுவிடும். அதுவரை சும்மா இருந்த ஸ்டாக்டன் தன் பெயரையும் வாசிக்கச் சொன்னார். தன் இடத்துக்காகத் தானே வாக்களித்தார். 22க்கு 21.

கொடுத்த வாக்கை மாரில் மீறினார், அதனால்தான் நானும் வாக்களித்தேன் என்பது அவர் நியாயம். ஆத்திரத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த நிமிடம் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமநிலையில் தோற்றிருந்தாலும் மக்கள் பேச்சு மாரிலைப் பற்றித்தான் இருந்திருக்கும். இப்போது பேச்சு ஸ்டாக்டனைப் பற்றித் திரும்பிவிட்டது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்று திங்கட்கிழமை மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் பிடித்துக்கொண்டார். தீர்மானம் மறுபரிசீலனைக்கு வந்தது. ரைட் வந்து சேரும்வரை பொறுங்கள் என்று கேட்டதையும் ஏற்கவில்லை. செவ்வாய்க்கிழமை, மார்ச் 27, 23க்கு 20 என்ற வாக்கில் ஸ்டாக்டன் செனட்டர் அல்ல என்று முடிவானது. அதே நாள்தான் சிவில் உரிமை மசோதாவை நிராகரித்து ஜான்சனின் கடிதமும் வந்தது.

ஏப்ரல் 6. மூன்றில் இரண்டு பங்கு தேடும் வாக்கெடுப்பு. இதற்கிடையில் வெர்மாண்ட் செனட்டர் சாலமன் ஃபுட் இறந்துபோக, அவர் இடத்துக்கு 38 வயது ஜார்ஜ் எட்மண்ட்ஸ் முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தார். ரைட் நோயோடு வந்து ஜான்சனுக்காக வாக்களித்தார். பிப்ரவரியில் ஜான்சன் பக்கம் நின்ற நியூயார்க்கின் எட்வின் மார்கன் இந்த முறை எதிர்ப்பக்கம் போனார். முடிவு 33க்கு 15. தேவைப்பட்டது 32.

ஒரே ஒரு வாக்கு உபரி. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாக்டன் மட்டும் இருந்திருந்தால் 33க்கு 16. மொத்தம் 49இல் 33 போதும், மசோதா நிறைவேறியிருக்கும். அன்று வராத ஒரே செனட்டர் கனெக்டிகட்டின் ஜேம்ஸ் டிக்சன். ஜான்சனின் ஆதரவாளர், நோயில் இருந்தார். அவர் மட்டும் வந்திருந்தாலும் இதே கணக்குத்தான். இருவரும் இருந்திருந்தால்? 33க்கு 17. ஐம்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 34 வேண்டும். மசோதா விழுந்திருக்கும். ஸ்டாக்டனின் இடம் காலியான பிறகு டிக்சனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தாலும் பலன் இல்லை.

ஆக, அமெரிக்காவில் ஜனாதிபதியின் எதிர்ப்பை மீறி நிறைவேறிய முதல் பெரிய சட்டம், கறுப்பின மக்களைக் குடிமக்கள் என்று சொன்ன சட்டம், பின்வாசல் வழியாகப் பறித்த ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று நிறைவேறியது. சட்டம் நல்ல சட்டம். நாற்காலியைப் பறித்த விதம் அப்படி அல்ல. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் டிரம்புல். அந்தச் சிவில் உரிமை மசோதாவை எழுதியவரே அவர்தான். ஸ்டாக்டன் போனால் தன் மசோதா பிழைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கடைசிவரை ஸ்டாக்டனின் தேர்தல் செல்லும் என்றே வாதாடினார். அவருடைய சொந்தக் கதையும் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1855இல் இல்லினாய் சட்டமன்றத்தில் நடந்த செனட் தேர்தலில், முதல் சுற்றில் அவர் வாங்கியது வெறும் ஐந்து வாக்கு. நாற்பதுக்கு மேல் வாங்கி முன்னால் இருந்தவர் லிங்கன். இருவருக்கும் பிடிக்காத மூன்றாமவர் ஒருவர் வெற்றியை நெருங்கியதும், தன் ஆட்களை டிரம்புல்லுக்கு வாக்களிக்கச் சொல்லிவிட்டார் லிங்கன். பத்தாவது சுற்றில் 51 வாக்கோடு டிரம்புல் செனட்டர் ஆனார். அந்தத் தேர்தல் செல்லாது என்றும் ஆட்சேபம் கிளம்பியது. செனட் அதைத் தள்ளுபடி செய்தது. ஸ்டாக்டன் வழக்குக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1868இல், ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணையிலும் கட்சியை மீறி, குற்றவாளி அல்ல என்று வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சிக்காரர்களில் இவரும் ஒருவர். கட்சிக்காரர்களுக்குத் தலைவலிதான்.

இனி இப்படி ஒரு வழக்கு வரக் கூடாது என்று 1866 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. முதல் நாள் இரு அவைகளும் தனித்தனியாக, வாய்விட்டுப் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் மறுநாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்றாகக் கூட வேண்டும். பாதிக்கு மேல் வாக்கு கட்டாயம். யாராவது தேறும்வரை தினமும் ஒரு வாக்கெடுப்பாவது நடத்த வேண்டும். ஸ்டாக்டனைப் போல யாரும் நுழைய முடியாதபடி கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாத்தியதில் பல இடங்களில் யாருமே நுழைய முடியாமல் போனது. டெலவேர் மாநிலம் 1895இல் 217 முறை வாக்கெடுத்தும் ஆள் தேறவில்லை. 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்துக்கு ஒரு செனட்டர்கூட இல்லை. இந்த இழுபறியும் லஞ்சப் புகார்களும் சேர்ந்துதான் 1913இல் பதினேழாவது திருத்தத்தைக் கொண்டுவந்தன. தேர்தல் மக்கள் கைக்கு வந்தது.

ஸ்டாக்டன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருடைய இடத்துக்கு நியூஜெர்சி அலெக்சாண்டர் கேட்டல் என்ற குடியரசுக் கட்சிக்காரரை அனுப்பியது. ரைட் அந்த ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். 1869இல், அந்தப் புதுச் சட்டத்தின்படியே, ஸ்டாக்டன் மறுபடி தேர்வானார். இந்த முறை ரைட்டின் பழைய இடத்துக்கு. 1875 வரை முழுப் பதவிக்காலமும் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது சம்னரும் டிரம்புல்லும் அவையில்தான் இருந்தார்கள்.

வணக்கம்.