பென்சிலை எடுக்காமல் ஒரு கோடு

நேயர்களுக்கு வணக்கம். வளைவரைகளின் வகைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். படம் காட்ட வழியில்லாத இடத்தில் வடிவங்களைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வம்புதான். ஆனால் அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஒரு வளைவரை என்ன வகை என்பதை அதன் தோற்றம் முடிவு செய்வதில்லை, அது உண்டாகும் விதம்தான் முடிவு செய்கிறது. அதை வாயால் சொல்லிவிடலாம். கண்ணை மட்டும் நம்பி ஏமாந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கைக்கெட்டும் தூரத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் முனையைத் தாளில் வைத்து, எடுக்காமல், மனம் போன போக்கில் இழுங்கள். தாளில் விழுந்ததுதான் வளைவரை. ஸ்கேல் வைத்து இழுத்தாலும் அதே பெயர்தான். "வளையாத கோட்டுக்கு எதற்கு சார் வளைவரை என்று பேர்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். கணிதத்தில் வளைவரை என்றால் நகரும் புள்ளி விட்டுச்செல்லும் தடம். அந்தத் தடம் நேராகவே போனால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் மூடிய வளைவரை, வராவிட்டால் திறந்த வளைவரை. வழியில் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாவிட்டால் எளிய வளைவரை. 3 என்று எழுதுங்கள்: திறந்தது, எளியது. 8 மூடியது, ஆனால் நடுவில் வெட்டிக்கொள்வதால் எளியது அல்ல. 0 மூடியது, எளியதும்கூட. முக்கோணமும் சதுரமும் 0 இருக்கும் கட்சிதான். மூலைகள் இருப்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

எளிய மூடிய வளைவரை ஒவ்வொன்றும் தாளை உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரிக்கிறது. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். கமீல் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1887இல் இதற்கு நிரூபணம் எழுதினார். அது போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1905இல் ஆஸ்வால்ட் வெப்லன் வேறொரு நிரூபணம் கொடுத்தார். அத்தனை பாடு எதற்கு என்று பார்க்க வேண்டுமானால், தாள் முழுக்க மடிந்து மடிந்து ஓடும், ஆனால் எங்கும் வெட்டிக்கொள்ளாத ஒரு மூடிய கோட்டை வரைந்து, நடுவில் எங்கோ ஒரு புள்ளி வையுங்கள். அது உள்ளேயா, வெளியேயா? பார்த்தவுடன் சொல்ல முடியாது. புள்ளியிலிருந்து தாளின் ஓரத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டு, வளைவரையை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. லேசாகத் தொட்டுவிட்டுப் போவதைக் கடந்ததாக எண்ணிவிடாதீர்கள், அங்கேதான் கணக்கு தப்பும்.

அடுத்து, விதி போட்டு வரையும் வளைவரைகள். ஓர் அட்டையில் இரண்டு குண்டூசி குத்துங்கள். நூலை வளையமாக முடிந்து, தொளதொளவென்று இரண்டையும் சுற்றிப் போடுங்கள். பென்சில் முனையால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று வாருங்கள். கிடைப்பது நீள்வட்டம். ஊசி இருக்கும் இடங்கள் குவியங்கள். பென்சில் எங்கே இருந்தாலும், இரண்டு ஊசிகளுக்கும் அதிலிருந்து உள்ள தூரங்களைக் கூட்டினால் ஒரே அளவு வரும். ஊசிகளை நெருக்கிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் வட்டம்.

இந்த இடத்தில்தான் கண் கைவிடும். செவ்வாய் சூரியனைச் சுற்றும் பாதையை நீளவாக்கில் 1 மீட்டர் வரும்படி வரைந்தால், குறுக்கே அளக்கும்போது சுமார் நாலரை மில்லிமீட்டர்தான் குறையும். சுவரில் மாட்டி வைத்தால் எல்லோரும் வட்டம் என்றே சொல்வார்கள். வானியலாளர் கெப்ளர் அதை நீள்வட்டம் என்று 1609இல் அறிவித்தது, டைக்கோ பிராஹி என்ற வானியலாளர் வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்த அளவுகளை வைத்துக்கொண்டு பல வருடம் கணக்குப் போட்டுத்தான். முதலில் அவர் போட்டுப் பார்த்த வட்டக் கணக்கு 8 கலை மட்டும் உதைத்தது. ஒரு பாகைக்கு 60 கலை என்றால் எவ்வளவு சின்ன பிசகு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அதை விடவில்லை.

வீட்டில் டார்ச் இருந்தால் இருட்டறையில் சுவருக்கு நேராக அடியுங்கள். வட்டம். சற்றே சாய்த்தால் நீள்வட்டம். சாய்க்கச் சாய்க்க அதன் ஒரு முனை ஓடிக்கொண்டே போகும். ஒளிக்கூம்பின் ஓரம் சுவருக்கு இணையாகும் அந்த ஒரே ஒரு கோணத்தில் அது மூடவே மூடாது, அது பரவளையம். இன்னும் சாய்த்தால் அதிபரவளையம். அதிபரவளையத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கிளையும் உண்டு, டார்ச் ஒரு பக்கம்தானே அடிக்கிறது, அதனால் பாதிதான் தெரியும். கூம்பை வெட்டிக் கிடைக்கும் இந்த வளைவரைகளைப் பற்றி அப்பலோனியஸ் என்ற கிரேக்கக் கணிதர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு 8 பாகங்கள் எழுதினார்.

சரி, ஏமாந்த கதை. ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பரவளையம் மாதிரியே இருக்கும். கலிலியோ தம் 1638 நூலில், பரவளையம் வரையச் சுலபமான வழி என்று, சுவரில் இரண்டு ஆணி அடித்துச் சங்கிலி தொங்கவிடும்படி சொல்லியிருக்கிறார். அதே நூலில் பின்னால் போய், ஏறக்குறையப் பொருந்தும் என்று கொஞ்சம் தணிந்தும் பேசுகிறார். அது பரவளையமே இல்லை. சரியான வடிவத்தை 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் தனித்தனியே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குச் சங்கிலி வளைவரை என்று பெயர்.

வித்தியாசம் பாரம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான். சங்கிலியின் எடை அதன் நீளத்தோடு சேர்ந்து பரவியிருக்கிறது. அந்தப் பாரம் கிடைமட்டமாக, அடிக்கு அடி ஒரே அளவாகப் பரவியிருந்தால் கலிலியோ சொன்னது சரியாகப் போயிருக்கும். தொங்கு பாலம் கட்டும்போது இரண்டையும் ஒரே கம்பிவடத்தில் பார்க்கலாம். கோபுரங்களுக்கு நடுவே வடம் வெறுமனே தொங்கும்வரை அது சங்கிலி வளைவரை. கீழே பாதைத் தளத்தை மாட்டி முடித்ததும், தளத்தின் எடை வடத்தின் எடையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அப்போது அதே வடம் கிட்டத்தட்டப் பரவளையம் ஆகிவிடுகிறது. கரையில் நின்று பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

வணக்கம்.